அனுப்புநர் இல்லாத கட்டி

தங்கச்சி,

என் கழுத்தில் நிணநீர்க் கட்டி, புற்றுநோய். வேறெங்கிருந்தோ பரவி வந்ததாம்; எங்கே தொடங்கியது என்று எந்த ஸ்கேனிலும் அகப்படவில்லை. அதைச் சொல்ல டாக்டர் மென்று விழுங்கினார்.

"தபாலாபீஸ்ல முப்பது வருஷம் குப்பை கொட்டுனவ நான். வாங்க ஆளில்லாத தபால்ல அனுப்புனவங்க முகவரியும் இல்லேன்னா திருப்ப முடியாது, எரிச்சிடுவோம். எரிங்க டாக்டர்!" என்றேன்.

இப்போது தினமும் முகத்தில் வலைமூடி மாட்டி, தலை அசையாமல் மேசையோடு பூட்டிக் கதிர் கொடுக்கிறார்கள். எச்சில் வற்றிவிட்டது, வாய்க்கொழுப்பு குறையவில்லை.

என் இரண்டு கடிதங்களையும் பிரிக்காமலே திருப்பிவிட்டாய். அதனால்தான் இந்த உறையில் அனுப்புநர் முகவரி இல்லை. கையெழுத்து காட்டிக்கொடுத்துவிடும் என்று உன் முகவரியைக்கூட நர்ஸை எழுதச் சொன்னேன். பிரித்துவிட்டாய், பார்!

இன்னும் பன்னிரண்டு நாள் கதிர் இருக்கிறது. திட்டுவதானால் நேரில் வந்து திட்டு. திருப்பித் திட்ட எனக்குத் தெம்பிருக்கிறது.

அடங்காத உன் அக்கா