ஏரி நடுவில் வீடு

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். உன் முட்டிவலி தேவலையா?

மீன் பண்ணை வேனின் ஜிபிஎஸ்ஸைக் கழற்றிப் படகிலும் மாட்டிக்கொள்வோம். நேற்றுப் பனிமூட்டத்தில் கரை தெரியவில்லை. பண்ணைக்குத்தான் வழிகாட்டும் என்று நினைத்து, அதில் 'வீடு' என்பதை அழுத்தினேன். ஏரி நடுவே, "வீடு வந்துவிட்டது" என்றது அந்தப் பெண்குரல். சுற்றிலும் தண்ணீர். பயப்படாதே, பனி விலகியதும் திரும்பிவிட்டேன்.

முதலாளியிடம் சொன்னேன். "அணை கட்டுறதுக்கு முன்னாடி எங்க வீடு அங்கதாம்பா இருந்துச்சு. அம்மாவைக் கொல்லையிலதான் பொதைச்சோம். நான்தான் அதுல 'வீடு'ன்னு போட்டுவெச்சேன், அதை மட்டும் அழிச்சுடாத" என்றார்.

இன்று அங்கே போனதும் என் கை தானாகவே இன்ஜினை அணைத்தது.

தங்கச்சியிடம் சொல்லி நம் வீட்டு லொகேஷனை அனுப்பு. ஜிபிஎஸ்ஸில் அவர் வீட்டுக்குக் கீழே போட்டுவைக்கிறேன். அனுப்பும்போது நீயும் வாசலில் நின்றுகொள்.

படகுக்குக் கூப்பிடுகிறார்கள்.

உன் சின்னவன்