பின்னால் வந்தவருக்கு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

அத்தை எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம். நீங்களும் அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்கிறீர்கள் என்று நம்புகிறேன். இத்தனை நாள் ஒரு வார்த்தை விசாரிக்காதவள் இப்போது எதற்குப் பேனாவும் காகிதமுமாக உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைப்பீர்கள். நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் நம்பரை நான் அழித்துவிட்டேன். அதுவும் போக, போனில் எதை அனுப்பினாலும் என் பெண் கண்ணில் பட்டுத் தொலைக்கிறது. உங்கள் பழைய ஆபீசுக்குப் போய், நெருங்கிய உறவு என்று சொல்லி இந்த முகவரியை வாங்கினேன். சட்டப்படி இன்னும் உறவுதானே.

மாமாவுக்கு மறுபடியும் நெஞ்சுவலி வந்து, படுத்து, எழுந்துவிட்டார். கோபப்படக் கூடாது, கவலைப்படக் கூடாது என்கிறார் டாக்டர். அப்படியானால் பேப்பரையும் இவளையும் வீட்டை விட்டு அனுப்பிவிட வேண்டியதுதான் என்றார் இவர். வாய் மட்டும் குறையவில்லை. காலையில் எழுந்ததும் பனியன் துணியை நனைத்துக்கொண்டு காரைத் துடைக்கப் போய்விடுகிறார். பின்பக்கம் முழுக்க மாற்றியாகிவிட்டது. நீங்கள் இடித்த கார் என்று யாரும் சொல்ல முடியாது.

அவள் இப்போது கம்பு இல்லாமல் நடக்கிறாள். கொஞ்ச நேரம் நின்றால் வலது கால் மரத்துப்போகிறது. மருந்துக்கடை வேலைக்கு நிற்காமல் முடியுமா? ஆனால் கடை முதலாளி நல்ல மனுஷர். அவளுக்காகவே முதுகுக்குச் சாய்மானம் வைத்து உயரமான நாற்காலி ஒன்று செய்து போட்டிருக்கிறார். அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பேப்பரில் பார்த்திருப்பீர்கள். மாமாவின் கார் இருக்கிறதே, அந்த மாடலில் விற்ற அத்தனை வண்டிகளையும் கம்பெனி திரும்பக் கூப்பிட்டிருக்கிறது. ப்ரேக் லைட்டில் கோளாறாம். இதைப் படித்ததும் உங்கள் முகம் எப்படிப் போயிருக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் நீங்கள் ஏதாவது செய்துவைப்பதற்கு முன்னால் இதை எழுதுகிறேன்.

போன வாரம் மாமாவும் நானும் சர்வீஸ் சென்டருக்குப் போனோம். ஏதோ கல்யாண வீடு மாதிரி கூட்டம். இலவசமாகக் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு ஆளாளுக்குக் கத்திக்கொண்டிருந்தார்கள். ஓர் அம்மாள், இந்த வண்டி வேண்டாம், புது வண்டிதான் வேண்டும் என்று மேஜையைத் தட்டினாள். ஒருவர், கூப்பிட்டதுதான் கூப்பிட்டீர்கள், கதவில் இருக்கிற கீறலையும் சேர்த்துப் பாருங்கள் என்று பேரம் பேசினார். வழுக்கைத் தலைக்காரர் ஒருவர் மட்டும் கையெழுத்தே போட மாட்டேன் என்றார். "முன்னாடி லைட்டுன்னா எனக்கு வேணும், நான் பார்த்துப் போகணும். பின்னாடி எரியறது பின்னாடி வர்றவன் பாடு, அதுக்கு நான் ஏன் ஒரு நாள் லீவு போடணும்?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். டீ புரையேறிவிட்டது.

எங்கள் முறை வந்தது. நல்ல வெயில். வரிசை நகர நகர மாமா ஏசியை நிறுத்தாமல், எஞ்சினை அணைக்காமல் உட்கார்ந்திருந்தார். மெக்கானிக் வந்தான். மாற்றுவதற்கு முன்னால் ஒரு தடவை காட்டிவிடுகிறேன், பிறகு மாற்றவே இல்லை என்று சொல்லக் கூடாது என்றான். பெடலுக்குப் பின்னால் விரல் நுனி அளவுக்கு ஒரு சுவிட்சாம். வண்டி நீண்ட நேரம் ஓடிச் சூடானால் அது ஒட்டிக்கொள்ளுமாம். ஆறினால் தானாகச் சரியாகிவிடுமாம். மாமாவை உள்ளேயே உட்காரவைத்துப் பெடலை மிதிக்கச் சொன்னான். என்னை வண்டிக்குப் பின்னால் வந்து நிற்கச் சொன்னான்.

மாமா மிதித்தார். லைட் எரியவில்லை. விட்டு விட்டு மிதித்தார். எரியவில்லை. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "எரியுதா?" என்று கேட்டார்.

எரிகிறது என்று சொன்னேன்.

மெக்கானிக் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் அவனை ஒரு பார்வை பார்த்தேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு ஸ்க்ரூ டிரைவரை எடுத்தான். மாமா வரும் வழியெல்லாம், நம்ம வண்டியில கோளாறே இல்லை, சும்மா கூட்டத்தோட கூட்டமா மாத்திட்டாங்க என்று சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டார். வீட்டுக்கு வந்து அவளிடமும் அதையே சொன்னார். நானும் ஆமாம் என்றேன்.

வீடு மாற்றிய அன்று நடந்ததை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் வண்டியில் சீட்டு வரைக்கும் சாமான். அதனால் அவள் எங்கள் வண்டியில் பின்சீட்டில் ஏறினாள். குறுக்கே நாய் வந்தது, மாமா சட்டென்று ப்ரேக் பிடித்தார், நீங்கள் வந்து மோதினீர்கள். உங்கள் காலடியில் போன் கிடந்தது. அதிர்ச்சியில் விழுந்தது என்றீர்கள். லைட் எரியவில்லை என்றீர்கள். இரண்டு நாள் கழித்து வொர்க்‌ஷாப்பில், ஆறிப்போய்க் கிடந்த வண்டியில் மாமா பெடலை மிதித்தபோது நாம் எல்லோரும் பின்னால் நின்று பார்த்தோமே, ஒரு பக்கம் நசுங்கியிருந்தும் மறுபக்கம் சிவப்பாக எரிந்ததே. அப்போதும் நீங்கள், "அன்னைக்கு எரியல, இன்னைக்கு எரியுது, ரெண்டும் நிஜம்" என்றீர்கள். என் தம்பி சிரித்தான். நான் உங்களைச் சொல்லாத சொல் இல்லை.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டது என் காதிலேயே இருக்கிறது. "போனைப் பார்த்தேன்னு ஒரே ஒரு தடவை சொல்லிடுங்க, நான் எல்லாத்தையும் மறந்துடறேன்." நீங்கள் என்ன சொன்னீர்கள்? லைட் எரியவில்லை என்றுதானே. கட்டிய பெண்டாட்டி முதுகு உடைந்து கிடக்கிறாள், அவளுக்காக வாயில் ஒரு பொய் வரவில்லை. மாமா உங்களுக்குத் தராசு என்று பெயர் வைத்தது சும்மாவா? கல்யாணமான புதிதில் என் சமையலை எல்லோரும் ஆஹா ஓஹோ என்றபோது, உப்பு கொஞ்சம் கூடுதல் என்று சொன்ன ஒரே ஆள் நீங்கள்தான். அன்றைக்கே எனக்கு உங்களைப் பிடிக்காமல் போய்விட்டது.

சரி, இப்போது தெரிந்துவிட்டது. நீங்கள் சொன்னது உண்மைதான். அதற்காக நான் அழுது புலம்புவேன் என்று எதிர்பார்க்காதீர்கள். லைட் எரியாவிட்டால் என்ன, முன்னால் போகிற வண்டி நிற்பது கண்ணுக்குத் தெரியாதா?

நான் எழுத வந்தது இதுதான். மருந்துக்கடைக்காரர் அவளைக் கேட்டிருக்கிறார். மனைவியை இழந்தவர், குழந்தை இல்லை. வீட்டில் படி கிடையாது, எல்லாம் கீழ்த்தளம். அவள் காலுக்கு அதுவே பெரிய நிம்மதி. உங்களிடமிருந்து விவாகரத்து வாங்கிக்கொள்ள அவளும் சம்மதித்திருந்தாள். பேப்பரில் அந்தச் செய்தி வந்த நாளிலிருந்து, கொஞ்சம் பொறுங்கம்மா என்கிறாள். நம்ம வண்டி சரியாகத்தான் இருந்ததா, நீங்களே பார்த்தீங்களா என்று சமையலறை வரைக்கும் வந்து கேட்கிறாள். பார்த்தேன் என்கிறேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

நான் சொன்னால் நம்பவில்லை. அவள் அப்பா சொன்னாலும் நம்பவில்லை. நீங்கள் சொன்னால் நம்புவாள். நீங்கள் பொய்யே சொல்லாத ஆளோ என்று இப்போது அவளுக்குத் தோன்ற ஆரம்பித்திருக்கிறது. அதனால் நீங்கள்தான் எழுத வேண்டும். அன்றைக்குப் போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், பயத்தில் மறைத்துவிட்டேன் என்று உங்கள் கையெழுத்தில் நாலு வரி. கேட்டபோது சொல்லாததை இப்போதாவது சொல்லுங்கள்.

நீங்கள் நினைத்தால் இந்தக் கடிதத்தையே அவளுக்கு அனுப்பிவைக்கலாம். அனுப்பினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். பெற்ற மகளை முடமாக்கியது தன் வண்டிதான், தானேதான் என்று மாமாவுக்குத் தெரிந்துபோகும். இப்போதிருக்கிற நெஞ்சோடு அவர் எத்தனை நாள் தாங்குவார்? அதற்குப் பிறகு அவள் உங்களோடு வந்து குடித்தனம் நடத்துவாளா? அப்பாவைக் கொன்ற உண்மையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்குவாளா?

உங்களுக்கு என்ன, ஆண்பிள்ளை. லிஃப்ட் மாட்டுகிற வேலை, எந்த ஊரிலும் பிழைத்துக்கொள்வீர்கள். இதைப் படித்ததும் கிழித்துப் போடுங்கள். உங்கள் காலில் விழுந்து கேட்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆசீர்வாதத்துடன்,
அத்தை


மாப்பிள்ளைக்கு,

நலமா? நீங்கள் அவளுக்கு எழுதிய கடிதம் வந்து சேர்ந்தது. நான் கேட்டபடியே எழுதியிருந்தீர்கள். கடைசியில், உட்காரும்போது முதுகுக்குத் தலையணை வைத்துக்கொள் என்று ஒரு வரி சேர்த்திருந்தீர்களே, அது தேவையில்லாதது. அதையே திரும்பத் திரும்பப் படித்தாள். போகட்டும்.

உங்களிடம் எதையும் மறைக்க எனக்கு மனம் வரவில்லை. உங்களைப் போன்றவருக்கு முழுசும் தெரிய வேண்டும். சர்வீஸ் சென்டரிலிருந்து, வேலை திருப்தியா என்று கேட்கப் போன் செய்திருக்கிறார்கள். நான் குளித்துக்கொண்டிருந்தேன். அவள் எடுத்திருக்கிறாள். "சூடானா எரியாம இருந்ததே மேடம், இப்போ எரியுதா?" என்று அந்தப் பெண் கேட்டிருக்கிறாள். அவள் என்னிடம் மூச்சு விடவில்லை. கடைக்குப் போகிற வழியில் உங்கள் ஊருக்கு டிக்கெட் எடுத்திருக்கிறாள். பெட்டியில் துணியெல்லாம் அடுக்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்திருக்கிறாள். அப்போது எனக்கு எதுவும் தெரியாது, மாப்பிள்ளை. தெரிந்திருந்தால் உங்களை எழுத வேண்டாம் என்றே சொல்லியிருப்பேனோ என்னவோ.

அவள் கிளம்புவதற்கு முந்தின நாள் உங்கள் கடிதம் வந்தது.

நின்றுகொண்டே படித்தாள். கால் மரத்து, சுவரைப் பிடித்துக்கொண்டாள். பிறகு என்னைக் கூப்பிட்டு, வண்டியில் லைட் எரியவில்லை என்பது எனக்குத் தெரியும் என்றாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆனால் அவளுக்கு என் மேல் கோபமில்லை. அப்பாவுக்காகத்தான் மறைத்தீர்கள் என்று எனக்குப் புரிகிறது என்றாள். "லைட் எரியாததை அவர் பார்க்கவே இல்லைம்மா. போனைப் பார்த்துட்டிருந்திருக்கார். வாய்க்கு வந்த பொய் தற்செயலா நிஜமாயிடுச்சு, அவ்வளவுதான். அதுக்காக நான் பெட்டி கட்டினேன் பாருங்க" என்று சொல்லிச் சிரித்தாள். அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. நீங்கள் எழுதியது பொய் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். வாய் வரைக்கும் வந்தது. பக்கத்து அறையில் மாமா இருமினார். நான் சொல்லவில்லை.

பெட்டியைத் திறந்து துணிகளை மறுபடியும் அலமாரியில் அடுக்கிவிட்டாள். டிக்கெட்டை ரத்து செய்துவிட்டாள். மருந்துக்கடைக்காரருக்குச் சரி என்று சொல்லியாகிவிட்டது. வக்கீல் அனுப்பும் காகிதத்தில் தாமதிக்காமல் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள்.

எங்கள் குடும்பத்துக்கு நீங்கள் செய்ததை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். நீங்கள் நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும். நல்ல பெண்ணாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு பிள்ளைகுட்டிகளோடு வாழ வேண்டும். மனசு கேட்காமல் என்றைக்காவது போனை எடுத்து, அவளிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று தோன்றினால் தயவுசெய்து வேண்டாம். இனிமேல் நீங்கள் எதைச் சொன்னாலும் அவள் நம்ப மாட்டாள்.

இப்படிக்கு,
அவளுடைய அம்மா