எந்த மருந்து, அக்கா?

அக்கா,

நேற்று டவுனில் பல் வலிக்கு மாத்திரை வாங்கினேன். கடைக்காரர் கூடவே ஒரு கேப்சூல் அட்டையும் வைத்தார். "இது வயித்துக்கு நல்ல கிருமி. அந்த மாத்திரை இதையும் கொன்னுடும், சேர்த்துப் போடாதீங்க, ரெண்டு மணி நேரம் தள்ளிப் போடுங்க" என்றார். நம் தலையில் கட்டப் பார்க்கிறாரோ என்று அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். என் புத்தி உங்களுக்குத் தெரியாததா? வீட்டுக்கு வந்து ஒன்றைப் பிரித்து முகர்ந்தேன். வாசனையே இல்லை. ஆனாலும் உங்கள் பிளாஸ்டிக் டிரம்மில் புளித்த வெல்லத் தண்ணீர் நினைவுக்கு வந்துவிட்டது.

அடி அண்ணாமலையில் நம் மகளிர் குழு மீன் வளர்த்த குட்டை. நீங்கள் தலைவி, நான் உங்களோடு தீனி போடுகிறவள். அந்த வருஷம் ரோகு மீன்களுக்குச் சிவப்புப் புண் வந்தது. மீன் ஆபீசர் வந்து உங்களிடம் மருந்துப் பாக்கெட் கொடுத்துவிட்டுப் போனார். அன்று நான் ஊரில் இல்லை.

ஒரு வாரம் கழித்து, "மருந்து போட்டீங்களாக்கா?" என்றேன்.

"போட்டுட்டேன்டி."

கொட்டகையில் பார்த்தால் பாக்கெட்டில் பாதி அப்படியே இருந்தது. மறுநாளும் அதே கேள்வி, அதே பதில், அதே பாதி. டிரம்மில் புளித்துக் கிடந்ததை மாட்டுக்கு வைத்தது என்று நினைத்தேன். செங்கத்தில் உங்கள் தம்பியும் மீன் வளர்த்தாரே, மருந்து அங்கேதான் போகப் போகிறது என்று முடிவே கட்டிவிட்டேன். தினமும் நீங்கள் வருவதற்கு முன்பே வந்து, பாக்கெட்டில் இருந்து ஒரு கை அள்ளித் தீனியில் கலந்தேன். மீனைக் காப்பாற்றுவதாகத்தான் நினைப்பு.

புண் திரும்ப வந்தது. மீன்கள் செத்து மிதந்தன. பௌர்ணமிக்குக் கிரிவலம் வந்த கூட்டம் மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தது.

ஆபீசர் உங்களைக் கேட்டார்: "ஏழு நாளோட அந்த மருந்தை நிறுத்தச் சொன்னேனே? அதுக்கப்புறமும் போட்டா, வெல்லத் தண்ணியில ஊறவெக்கச் சொன்ன நல்ல கிருமியும் சேர்ந்து செத்துடுமே."

"நிறுத்திட்டேன் சார். எட்டாம் நாள்ல இருந்து டிரம்ல ஊறவெச்ச மருந்துதான் தீனியில பிசறுனேன்."

உங்கள் வாயில் இரண்டுமே மருந்து. எனக்கு அப்போதுதான் உறைத்தது.

மீதிப் பாக்கெட்டைக் கேட்டார். காலியாக இருந்தது. "வித்துட்டிருப்பா" என்றாள் ஒருத்தி. நீங்கள் என் பக்கம் திரும்பி, "நீ சொல்லுடி, நான் அப்படிப்பட்டவளா?" என்றீர்கள்.

"எனக்கு இன்னாக்கா தெரியும்" என்றேன்.

அந்த வாரமே நீங்கள் குழுவை விட்டுப் போனீர்கள். என்னைத் தலைவியாக்கினார்கள். நீங்கள் இறந்த அன்றும் மாலையைப் போட்டுவிட்டு வாயைத் திறக்காமல் வந்தேன். பாக்கெட் குறைந்துகொண்டே வந்ததை நீங்களும் பார்த்திருப்பீர்களோ, தெரிந்தேதான் என்னைக் கேட்டீர்களோ என்று இன்னும் சந்தேகப்படுகிறேன். நான்தான் அக்கா கலந்தேன்.

குழுவில் இப்போது யார் "மருந்து போட்டுட்டேன்" என்றாலும், "எந்த மருந்து?" என்று கேட்கிறேன். சந்தேகக்காரி என்று சிரிக்கிறார்கள். உங்களிடம் மட்டும் அதைக் கேட்காமல் போனேன்.