நடுத்தரமா ஒரு சரக்குப் பெட்டி

அன்பு மகளுக்கு,

உடம்பைப் பொறுத்தவரை இங்கே மூவரும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். போனில் பேசினால் தம்பி காதில் விழும், அதனால்தான் கடிதம்.

வேலையை விட்டதிலிருந்து அவன் அறைக்கதவு சாத்தியேதான் கிடக்கிறது. உள்ளே அந்தப் பொம்மை ரயில் ஓடும் சத்தம் கேட்கிறவரைதான் உன் அம்மாவுக்கு நிம்மதி. முன்பெல்லாம் அதைப் பொம்மை என்று சொன்னாலே சண்டைக்கு வருவான், இப்போது அதுவும் இல்லை. பழைய சரக்குப் பெட்டிகள் சக்கரம் தேய்ந்து அடிக்கடி தடம் புரள்கின்றன, சத்தம் நிற்கிறது, உடனே இவள் கரண்டியும் கையுமாக ஓடிப்போய்க் கதவில் காதை வைக்கிறாள். எனக்கும் அதே பயம்தான், ஆண்பிள்ளை என்று வெளியே காட்டவில்லை. புதுப் பெட்டியாவது வாங்குவோம் என்று கடைக்குப் போனேன்.

கடைக்காரர் மூன்று பெட்டிகளை வைத்தார். மலிவானதற்குப் பிளாஸ்டிக் சக்கரம், ஊதினால் பறந்துவிடும். அடுத்ததற்கு உலோகச் சக்கரம், நல்ல கனம், பக்கவாட்டு ஏணி மட்டும் பெட்டியோடு ஒட்டி வார்த்தது. விலை கூடியதில் ஏணி, கைப்பிடி எல்லாம் முடி கனத்தில் தனித்தனியாகப் பொருத்தியிருந்தது. எந்தக் கடையிலும் நடுத்தரமா ஒண்ணு குடுங்க என்றுதான் என் வாயில் வரும், உனக்குத் தெரியும். என்னையும் அப்படிக் கேட்டுத்தான் கட்டிக்கிட்டீங்களா என்பாள் உன் அம்மா. அன்றைக்கு மட்டும், அவனுக்கு நல்லதாகவே வாங்கிக்கொடுங்கள் என்று நீ முன்பு போனில் சொன்னபடி விலை கூடியதையே வாங்கிவந்து அவன் கையில் கொடுத்தேன்.

அப்புறம் சத்தமே இல்லை. மறுநாள் மதியம்வரை இல்லை. அம்மா கதவைத் தட்டித் தட்டி அழ ஆரம்பித்துவிட்டாள். திறந்தான். பெட்டியை அட்டையிலிருந்து எடுக்கவே இல்லை. எப்பவும் நடுத்தரம்தானே வாங்குவீங்க, இப்ப மட்டும் ஏம்ப்பா இது, நான் என்ன சாகவா போறேன் என்றான். நாங்கள் வாய்விட்டுச் சொல்லப் பயந்த வார்த்தையை அவனே சொல்லிவிட்டான். பெட்டியை வாங்கிக்கொண்டு நேரே கடைக்குப் போய் நடுத்தரத்துக்கு மாற்றிவந்தேன்.

பயம் தீர்ந்தது என்று சொல்லமாட்டேன். ஆனால் இன்று காலை மறுபடி சத்தம் நின்றது, அம்மா எழுவதற்குள் உள்ளேயிருந்து குரல் வந்தது, ஒண்ணுமில்லம்மா, பெட்டிதான் கவுந்துடுச்சு என்று. ஆகவே நீயும் போனில் அவனிடம் தேன் ஒழுகப் பேசாதே, பழையபடி நன்றாகத் திட்டு.

நீங்கள் இருவரும் நிறைவாக வாழ என் ஆசி. ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் போனில் கூப்பிடு, யார் எடுத்தாலும் அவனிடம் கொடுக்கச் சொல்லித்தான் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் நடுத்தர அப்பா