வாளியைப் பார்ப்பவள்

டிசம்பர் 2, சனி

பூஜ்யத்துக்குக் கீழே ஆறு. மடத்துப் படிகளில் இரண்டு இடத்தில் பனி இறுகிக் கிடந்தது. வழுக்காமலிருக்கச் சாம்பல் தூவச் சொல்லியிருந்தேன். தூவவில்லை.

குளிர்கால வெற்றுக்கிண்ணக் கூட்டம் இன்று தொடங்கியது. ஒன்பதாவது ஆண்டு. உணவுக்கடைகளின் எச்சில் கழிவு ஏரியில் கலந்து மீன்கள் செத்து மிதந்த வருடம், மேலே பிக்குணிகள் மடமும் கீழே நம் தேவாலயமும் சேர்ந்து ஆரம்பித்தது. பெண்கள் வரிசையில் பதினொன்று, ஆண்கள் வரிசையில் ஐந்து. கூடத்தில் சூடு போடுவதில்லை என்பது விதி. கோட்டோடுதான் சாப்பிடுகிறோம்.

புதியவர் ஒருவர். தோ சங்-பில், ஓய்வுபெற்ற பஸ் ஓட்டுநர், மனைவி போன வசந்தத்தில் இறந்துவிட்டார். மடமும் இல்லை, தேவாலயமும் இல்லை. விதிகளை நானே சொன்னேன். மற்றவர்கள் சொன்னால் பாதியை விழுங்கிவிடுவார்கள். ஆளுக்கு நான்கு கிண்ணம். ஒரு முள்ளங்கித் துண்டைக் கடைசிவரை வைத்திருக்க வேண்டும். வெந்நீர் ஊற்றி அந்தத் துண்டால் கிண்ணத்தைத் துடைத்து, துண்டைத் தின்று, தண்ணீரைக் குடிக்க வேண்டும்.

“கழுவின தண்ணியையா?” என்றார்.

“உங்க கிண்ணத்துத் தண்ணிதானே.”

பிறகு பச்சைத் தண்ணீரில் கடைசி அலசல். அது வரிசைக்கு ஒன்றாக வரும் வாளியில் சேரும். வாளித் தண்ணீர் முற்றத்துக் கல்லில், பசித்த பேய்களுக்கு. ஊசித் துளை போன்ற தொண்டை அவற்றுக்கு. ஒரு மிளகாய்த் துணுக்கு போனாலும் தீப்பற்றும். அதனால் வாளி தெளிவாக இல்லையென்றால் அந்த வரிசையே வாளியைத் திரும்பக் குடித்துத் தீர்க்க வேண்டும்.

“அதெல்லாம் பயப்படாதீங்க. ஒன்பது வருஷமா அக்கா கண்ணுக்குத் தப்பி ஒரு துணுக்கு போனதில்லை. பேய்களே அக்காவுக்குக் கும்பிடு போடும்” என்றாள் மால்-சுன். டோஃபு விற்பவள். இரைந்துதான் பேசுவாள். வாளிகளை முற்றத்துக்குத் தூக்கிக்கொண்டு போவது அவள் வேலை.

பார்ப்பது என் வேலை. முதல் வருடம் தலைமைப் பிக்குணி சொன்னார்: “கத்தோலிக்கப் பொம்பளையே பார்க்கட்டும். பேயை நம்பாதவ பேய்க்குச் சலுகை காட்ட மாட்டா.” நாற்பத்தோரு வருடம் மருந்துக்கடையில் மாத்திரை எண்ணியவள் நான். ஒரு முறைகூடத் தவறவில்லை.

இன்று குனிந்து பார்த்தேன். வாளியின் விளிம்பு தெரிந்தது. சுற்றிலும் முழங்கால்கள் தெரிந்தன. நடுவில் ஒன்றும் இல்லை. தண்ணீர் இல்லை, வாளியின் அடி இல்லை. ஈரத் துணியால் அழித்ததுபோல ஒரு சாம்பல் வட்டம்.

“தெளிவு” என்றேன்.

டிசம்பர் 5, செவ்வாய்

ஒரு முறையாவது நேராக எழுதிவிட வேண்டும்.

அக்டோபரில் நகரத்துக் கண் மருத்துவமனைக்குத் தனியாகப் போனேன். வலது கண்ணின் நடுப்பகுதி போய்க்கொண்டிருக்கிறது, இடது கண்ணில் தொடங்கிவிட்டது. “மாசாமாசம் கண்ணுல ஊசி போடணும்மா. அடுத்த தடவை துணைக்கு ஒருத்தரைக் கூட்டிட்டு வாங்க” என்றார் மருத்துவர். அடுத்த தடவை போகவேயில்லை. துணை என்றால் மகன். கி-தேவுக்குத் தெரிந்தால் சோங்ஜுவில் அவன் குடியிருப்பின் பதினோராவது மாடி, வாகன நிறுத்தத்தைப் பார்த்த அறை. அவன் அப்பா இறந்ததிலிருந்து தயாராக இருக்கிறது. இந்த வீட்டை வாங்க ஆள்கூடப் பார்த்து வைத்திருக்கிறான்.

கண் போனது தெரிந்தால் வீடு போகும். வீட்டோடு சனிக்கிழமையும் போகும். அதன் பிறகு மிஞ்சுவதற்கு என்னிடம் என்ன இருக்கிறது?

கன்னியர் பள்ளியில் சொல்லித் தந்தார்கள்: கேட்டால் பொய் சொல்லாதே, கேட்காவிட்டால் பேசாதே. யாரும் கேட்கவில்லை.

டிசம்பர் 9, சனி

“தெளிவு.”

டிசம்பர் 13, புதன்

நோட்டுப்புத்தகத்தின் கோடுகள் நடுவில் பள்ளம் விழுந்து வளைகின்றன. கடையில் மருந்துப் பெட்டிகளில் எழுதுவதற்கு வைத்திருந்த தடித்த பேனாவை எடுத்துக்கொண்டேன். சூப்பில் இரண்டு முறை உப்புப் போட்டுவிட்டேன். கொட்டவில்லை, குடித்தேன்.

டிசம்பர் 16, சனி

அரை மணி மௌனத்துக்குப் பிறகு, அந்த வாரம் வீணாக்கியதை ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும். மால்-சுன், “ஒரு தட்டு டோஃபு புளிச்சுப்போச்சு. அப்புறம் புருஷனோட பேசாம ஒரு முழு நாள். ஆனா அது வீண் இல்ல, நிம்மதியா இருந்துச்சு” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

தோ சங்-பில் எழுந்து நின்று சொன்னார். இங்கே யாரும் எழுந்து நிற்பதில்லை. “ரெண்டு பேருக்கு அரிசி போட்டுட்டேன். இந்த வாரம் அஞ்சு நாள்.” உட்கார்ந்துவிட்டார்.

நான் அரை முள்ளங்கி என்றேன். பொய். அந்த முள்ளங்கியை முழுவதும் சமைத்தேன்.

டிசம்பர் 23, சனி

நல்ல வெயில். ஆண்கள் வரிசை வாளியில் கண்டேன், ஒரு கரும்புள்ளி. ஓரத்தில் மெல்ல நகர்ந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தை எழுத வெட்கமாக இருக்கிறது. தெரிகிறது, இன்னும் தெரிகிறது, அந்த மருத்துவருக்கு ஒன்றும் தெரியாது என்று உள்ளே ஒரு துள்ளல்.

“தெளிவில்லை” என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. “புதுசா வர்றவங்க முள்ளங்கித் துண்டை முன்னாடியே தின்னுட்டா இப்படித்தான் ஆகும்.”

தோ சங்-பில், “என் தப்புதான், மருந்துக்கடையம்மா. நானே குடிச்சிடறேன்” என்றார். வரிசை முழுவதும் பகிர வேண்டும் என்று பிக்குணி கையை உயர்த்துவதற்குள் வாளியைத் தூக்கிவிட்டார். ஐந்து பேர் அலசிய தண்ணீர். நடுவில் இரண்டு முறை மூச்சு வாங்கினார். சட்டைக் கழுத்துக்குள் வழிந்தது. ஒரு சொட்டு மிச்சம் வைக்கவில்லை.

அவர் முறை வந்தபோது, “இன்னிக்கு எல்லாருடைய நேரத்தையும் வீணாக்கினேன்” என்றார்.

விதி விதிதான்.

டிசம்பர் 24, ஞாயிறு

குளித்துவிட்டு வந்து சுவரைப் பார்த்தேன். சுவரில் அதே புள்ளி. அண்ணாந்தேன். கூரையில். பாதர் வெள்ளை அங்கியோடு பீடத்துக்கு வந்தபோது அங்கியின் மேல். அப்பத்தை உயர்த்தியபோது அப்பத்தின் மேல், மெல்ல நகர்ந்துகொண்டு.

கன்னியர் பள்ளியில் படித்தவளுக்கு, அடுத்தவர் கண்ணின் துரும்பைப் பற்றிய அந்த வசனம் நினைவுக்கு வராமல் இருக்குமா. வந்தது. எழுத மாட்டேன்.

நற்கருணை வாங்கவில்லை. முழங்கால் வலி என்றேன்.

டிசம்பர் 30, சனி

பதினைந்து பேர். அவர் வரவில்லை.

“தெளிவு.” “தெளிவு.” இரண்டு வாளிக்கும் கண்ணை மூடிக்கொண்டே சொல்லியிருக்கலாம்.

ஜனவரி 3, புதன்

மால்-சுன் டோஃபு கொண்டுவந்தாள். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள். அவள் எதற்காவது தயங்கி நான் பார்த்ததில்லை.

“அக்கா, கோவிச்சுக்காதீங்க. அன்னிக்கு ஆம்பளைங்க வாளியில ஒண்ணும் இல்ல. நான் பார்த்தேன்.”

“நீ எதற்குப் பார்த்தாய்?”

“முதல் சனிக்கிழமையிலிருந்தே பார்க்கறேன். நீங்க வாளியைப் பார்க்கல, வாளிக்குப் பக்கத்துல பார்த்தீங்க. எங்க மாமியாருக்கும் இப்படித்தான் ஆச்சு. முற்றத்துக்குக் கொண்டு போறப்ப நானே பார்த்துத்தான் ஊத்தறேன். ரெண்டு தடவை மிளகாய் கிடந்துச்சு. நானே குடிச்சிட்டேன். அவ்வளவுதான்.”

“என்னிடம் ஏன் சொல்லவில்லை?”

“சொன்னா அடுத்த வாரம் வந்திருப்பீங்களா?”

ஐந்து வாரம். முற்றத்துத் தூணுக்குப் பின்னால் நின்று, எனக்காக, மற்றவர்களின் எச்சில் தண்ணீரை — இவள். ஆறாம் வகுப்போடு நிறுத்தியவள். நான் “தெளிவு” என்று நிமிரும்போதெல்லாம் பரிதாபப்பட்டுக்கொண்டு.

“வெளியே போ” என்றேன். அவள் ஏற்கெனவே வெளியேதான் நின்றாள். கதவைச் சாத்தத் திரும்பி நிலையில் நெற்றியை இடித்துக்கொண்டேன். டோஃபு படியில் கிடந்து கல்லாக உறைந்தது. அதுவும் வீண்.

ஜனவரி 6, சனி

போகவில்லை. ஒன்பது குளிர்காலத்தில் முதல் முறை.

மாலையில் கி-தே போன் செய்தான். “என்னம்மா, குரல் ஒரு மாதிரி இருக்கு?”

“நல்லாத்தான் இருக்கேன்.” இந்த முறை கேட்டான். கேட்டும் பொய் சொன்னேன்.

ஜனவரி 9, செவ்வாய்

யாருக்கு எழுதறேன்? எழுதினதை என்னாலேயே படிக்க முடியல. முந்தி எழுதின வரி மேலேயே இன்னிக்கு எழுதறேனோ என்னமோ.

ஜெபமும் வரல. வாயைத் திறந்தா அந்த மனுஷன் குடிக்கிற சத்தம். மடக்கு மடக்குன்னு. பொண்டாட்டியைப் புதைச்சுட்டு, சூடில்லாத கூடத்துல நாலு பேரோட உட்காரலாம்னு வந்தவர். அவருக்கிருந்த ஒரே இடத்திலிருந்து விரட்டிட்டேன். என் வீட்டைக் காப்பாத்திக்க.

மாத்திரை மாத்திக் கொடுத்துட்டேன்னு தெரிஞ்சா கடைய மூடிட்டு ஓடியிருக்க மாட்டேனா, வாடிக்கைக்காரர் வீட்டுக்கு? அன்னிக்கு ராத்திரியே? பதினேழு நாளா உட்கார்ந்திருக்கேன்.

ஜனவரி 11, வியாழன்

போனேன்.

பஸ் எண் தெரியவில்லை. ஓட்டுநரைக் கேட்டேன். “கண்ணாடி போட்டுட்டு வாங்க பாட்டி” என்றான். ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கிவிட்டேன். ஏரிக்கரையோடு நடந்தேன். ஓரங்கள் தெரிகின்றன, கால் வைக்கிற இடம்தான் தெரிவதில்லை. வாய்க்காலில் பனி உடைந்து ஒரு கால் முழங்கால்வரை இறங்கியது. கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். எழ வேண்டுமா என்றுகூட யோசித்தேன். யாராவது பார்த்துவிடுவார்கள் என்றுதான் எழுந்தேன். அந்த அளவுக்குத் திமிர் இன்னும் இருக்கிறது.

தோ சங்-பில் ஒன்றும் கேட்காமல் உள்ளே வரச் சொன்னார். அடியில் சூடேற்றிய தரையில் என் ஈரக் காலுறையைப் பரப்பிவிட்டு, அலமாரியிலிருந்து பெண்கள் காலுறை ஒரு ஜோடி கொண்டுவந்து கொடுத்தார். நான்கு கிண்ணங்களைக் கவிழ்த்து வைத்திருந்தார். விரலால் தடவித்தான் எண்ணினேன்.

“தினமும் செஞ்சு பார்க்கறேன், மருந்துக்கடையம்மா. துண்டைக் கடைசிவரைக்கும் வெச்சிருக்கேன். எங்கே மிஞ்சிச்சுன்னு இன்னும் புரியல.”

“எங்கும் மிஞ்சவில்லை. வாளியில் ஒன்றும் இல்லை. என் கண்ணில் இருந்தது” என்றேன். அக்டோபரிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். வயதான குரலில், பள்ளிச் சிறுமி மாதிரி, வரிசையாக.

என் ஈரக் காலுறையைத் திருப்பிப் போட்டார். பிறகு, “அப்போ நான் குடிச்சது?”

“சுத்தமான தண்ணீர்.”

“முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டினேன். கண்ணு சரியில்லைன்னு தெரிஞ்சு ஒரு நாள் ஓட்டினாலும் அது தப்பு. நீங்க தெரிஞ்சேதான் ஓட்டியிருக்கீங்க.”

“ஆமாம்.”

அவர் மன்னிப்பதாகச் சொல்லவில்லை. கூட்டத்துக்கு வருவதாகவும் சொல்லவில்லை. நிறுத்தம்வரை எனக்கு முன்னால் நடந்தார், காலை அழுத்தித் தேய்த்து, சத்தம் கேட்கும்படி.

ஜனவரி 13, சனி

வாளி வந்தபோது, “வேறு யாராவது பாருங்கள்” என்றேன். என் முறை வந்தபோது, “இந்த வாரம் ஒன்றும் வீணாக்கவில்லை. போன மாதம் ஒரு மனிதரை” என்று தொடங்கி முழுவதும் சொன்னேன். மால்-சுன் செய்ததையும் சொன்னேன். குரல் நடுங்கவில்லை. அது ஒன்றுதான் எனக்கு மிச்சம்.

யாராவது ஆறுதல் சொல்வார்கள் என்று பயந்தேன். தலைமைப் பிக்குணி, “அப்போ அந்தத் தண்ணியெல்லாம்?” என்றார்.

“நான் பார்த்துத்தான் ஊத்தினேன், பிக்குணியம்மா. ஒரு பேய்க்கும் தொண்டை எரியல” என்றாள் மால்-சுன்.

“சரி. மௌனமா இருப்போம்” என்றார் பிக்குணி. ஏற்கெனவே அரை மணி இருந்தாயிற்று. மறுபடியும் அரை மணி. யாரும் ஆட்சேபிக்கவில்லை.

தோ சங்-பில்லின் இடம் காலியாகத்தான் இருந்தது.

ஜனவரி 20, சனி

யாரோ கி-தேவுக்குச் சொல்லிவிட்டார்கள். வந்தான். கத்துவான் என்று நினைத்தேன். சமையலறையில் நின்று அழுதான். “என்னைப் பார்த்தா அவ்வளவு பயமாம்மா உங்களுக்கு?”

வியாழக்கிழமை ஊசி போட்டார்கள். அக்டோபரிலேயே வந்திருந்தால் என்று மருத்துவர் ஆரம்பித்தார். கி-தே அவரை முடிக்க விடவில்லை. வலது கண் அவ்வளவுதான். இடது கண்ணைச் சொல்ல முடியாது.

மார்ச் கடைசியில் வீட்டைக் காலி செய்ய வேண்டும். கையெழுத்துப் போட்டேன். எங்கே போடுவது என்று அவன் என் விரலைப் பிடித்து வைத்தான்.

பிப்ரவரி 24, சனி

இதை எழுதுவது பங் மால்-சுன். மருந்துக்கடை அகாத்தாக்கா சொல்லச் சொல்ல எழுதுறேன்.

இந்தக் குளிர்காலத்தின் கடைசிக் கூட்டம். ஏரியில் பனி விரிசல் விட்டுவிட்டதாம். மடத்துப் படிகளில் சாம்பல் தூவியிருந்தார்கள், காலில் நெருடியது. மால்-சுன் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். பிடி இறுக்கம், மூட்டை தூக்குகிறவள் பிடி. ஆனாலும் அவள் இல்லாமல் நான் ஏறியிருக்க மாட்டேன். அவளிடம் ஒரு புதன்கிழமை நான் பேசியது அசிங்கம்.

(இதை எழுத மாட்டேன்னு சொன்னேன். எழுதுன்னு அதட்டுறாங்க. — மா.)

வாளியைப் பார்க்க இனி தனியாக ஆள் கிடையாது என்று பிக்குணி முடிவு செய்திருக்கிறார். ஒரே வாளி, கையிலிருந்து கைக்குப் போகும். ஒவ்வொருவரும் பார்த்துச் சொல்ல வேண்டும். என்னை விட்டுவிட்டுத் தாண்டிப் போகும் என்று எண்ணியிருந்தேன். பெண்கள் வரிசையின் கடைசியில் நான். எனக்கு அடுத்து ஆண்கள் வரிசை தொடங்குகிறது. வாளி என் மடியில் வந்து உட்கார்ந்தது. குளிர்ந்திருந்தது. குனிந்தேன். வழக்கம்போல விளிம்பு மட்டும்.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தேனோ. பக்கத்திலிருந்து யாரோ எட்டிப் பார்க்கும் அசைவு. “தெளிவு” என்றது ஒரு குரல். இரண்டு பேருக்கு அரிசி போட்டதாகச் சொன்ன குரல். அவர் வந்திருப்பதை யாரும் என்னிடம் சொல்லியிருக்கவில்லை.

“தெளிவாம்” என்றேன்.

யாரோ சிரித்தார்கள். வாளியை அவர் பக்கம் நீட்டினேன். அவர் வாங்கிக்கொண்டார்.

சோங்ஜுவிலிருந்து சனிக்கிழமைகளில் வருவதைப் பற்றி கி-தே இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. காலை ஆறு நாற்பதுக்கு ஒரு பஸ் இருக்கிறதாம்.

இதுவரை எழுதியதை மால்-சுன்னைப் படித்துக் காட்டச் சொன்னேன். காட்டினாள். நான் சொல்லாத ஒரு வரி நடுவில் இருப்பதுபோலத் தோன்றியது. இல்லை என்கிறாள்.

எழுத்துப்பிழையும் எதுவும் இல்லையாம்.