சாட்சிக் கையெழுத்து

கோல்டர்ஸ் கோவ், நியூஃபவுண்ட்லாந்து
ஜூன் 3, 2025

அன்பு மகள் பிரைடிக்கு,

அப்பா எழுதுவது. உன் பட்டமளிப்பு விழா முடிந்து நாங்கள் நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தோம். வழியில் பெட்ரோல் போட்டவனிடமும் உன் அம்மா, "எம் பொண்ணு டாக்டரு" என்று சொல்லிவிட்டுத்தான் காசைக் கொடுத்தாள். நண்டு ஆலையில் அவளோடு வேலை செய்யும் ஒருத்தி, "இனிமே உன் கையில நண்டு நாத்தம் அடிக்காதோ லொரெட்டா?" என்று கேட்டாளாம். "அடிக்கும். ஆனா அது டாக்டரம்மா நாத்தம்" என்றாளாம் இவள்.

படகு இஞ்சின் என் காதைத் தின்றுவிட்டது. தொலைபேசியில் நீ கத்துவதைக் கேட்டு உன் வாடகை வீட்டுச் சொந்தக்காரி போலீசைக் கூப்பிடுவாள். அதனால் கடிதமே போதும்.

உன் பெயருக்கு அரசாங்கக் கல்விக் கடன் தாள் இங்கே வந்தது. அறுபத்து நாலாயிரம் டாலர், ஆறு மாதம் கழித்துக் கட்டத் தொடங்க வேண்டுமாம். என் அப்பா மீன் வியாபாரியின் கடன் புத்தகத்திலிருந்து பெயர் நீங்காமலே செத்தார். அதைப் பார்த்த நான் இதுவரை யாருக்கும் ஒரு சென்ட் பாக்கி வைத்ததில்லை. நீயும் பாக்கியோடு வேலையைத் தொடங்கக் கூடாது. நம் ஊர் லியோ நம் படகை விலைக்குக் கேட்கிறான். நண்டுப் பருவம் முடிந்ததும் கொடுத்துவிட்டு, இதை ஒரே அடியாகக் கட்டிவிடுகிறேன். பிறகு அவன் படகிலேயே கூலிக்குப் போவேன். வருத்தப்படாதே.

அப்பா,
ஆம்ப்ரோஸ்

*

செயின்ட் ஜான்ஸ்
ஜூன் 11

அன்புள்ள அப்பா,

படகைத் தொடாதீர்கள். லியோவிடம் நான் வேண்டாம் என்றதாகச் சொல்லுங்கள்.

எனக்கு இரண்டு கடன் இருக்கிறது. ஒன்று நீங்கள் பார்த்த அரசாங்கக் கடன். அதற்கு வட்டியே இல்லை. டாக்டர் இல்லாத சின்ன ஊரில் வேலை செய்தால் வருஷா வருஷம் ஒரு பகுதியைத் தள்ளுபடியும் செய்வார்கள். அவசரப்பட்டுக் கட்டினால்தான் நமக்கு நஷ்டம். இன்னொன்று வங்கிக் கடன். அதுதான் வட்டி போட்டு வளர்கிறது. ஜூலை முதல் தேதி பயிற்சி மருத்துவராகச் சேர்கிறேன். சம்பளம் வந்ததும் அதைத்தான் முதலில் அடைக்கப் போகிறேன்.

அம்மா செய்து கொடுத்த உப்புக் கண்டம் முந்தாநாளே தீர்ந்துவிட்டது. இதை அம்மாவிடம் ஜாடையாகச் சொல்லுங்கள்.

உங்கள்
பிரைடி

*

கோல்டர்ஸ் கோவ்
ஜூன் 22

அன்பு மகளுக்கு,

அரசாங்கம் தள்ளுபடி செய்யுமா? தொண்ணூற்றிரண்டில் காட் மீன் பிடிக்கக் கூடாது என்றபோது, "ரெண்டே வருஷம் பொறுத்துக்கங்க" என்றார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் பொறுத்தோம். கடல் வற்றினால் கருவாடு தின்னலாம் என்று காத்திருந்த கொக்கு உடல் வற்றிச் செத்ததாம். நான் அந்தக் கொக்கின் பெரியப்பா. என்னிடம் இந்தக் கதை வேண்டாம்.

வங்கிக் கடன் உன் பாடு, அதில் நான் தலையிடவில்லை. அன்று உன்னோடு வந்து சாட்சிக் கையெழுத்துப் போட்டதோடு என் வேலை முடிந்தது. இந்த ஊரில் பதினொரு கல்யாணத்துக்குச் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டவன், அங்கேயும் போட்டேன். நல்ல பேனா வைத்திருந்தார்கள்.

லியோ ஜூலைக் கடைசிக்குள் பதில் கேட்கிறான். கொடுத்துவிடுவதாகத்தான் இருக்கிறேன்.

உப்புக் கண்டம் பேருந்தில் வருகிறது.

அப்பா

*

செயின்ட் ஜான்ஸ்
ஜூலை 6

அன்புள்ள அப்பா,

வேலையில் சேர்ந்து ஐந்து நாள் ஆகிறது. நேற்று ஒரு கிழவர், "நீ யாரு வூட்டுப் பொண்ணு?" என்று கேட்டார். உங்கள் பெயரைச் சொன்னதும் ஊசிக்குக் கையை நீட்டினார். உங்கள் பெயருக்கு அவ்வளவு மதிப்பு. அதனால்தான் இதை எழுதக் கை வரவில்லை.

அன்று வங்கியில் அந்தப் பெண் காட்டிய கோட்டுக்கு மேலே எழுதியிருந்தது சாட்சி இல்லை அப்பா, ஜாமீன். பதினெட்டு வயதில் நான் கைப்பேசிக் கட்டணம் கட்டாமல் விட்டது அவர்கள் கணக்கில் இருந்தது. ஜாமீன் இல்லாமல் கடன் தர முடியாது என்றார்கள். நீங்கள் பேனாவை வாங்கிக்கொண்டு, "கல்யாணத்துக்குப் போடற மாதிரிதானே?" என்று கேட்டீர்கள். நான் "ஆமாப்பா" என்றேன். கல்லூரியில் இடம் கையை விட்டுப் போய்விடுமோ என்ற பயம். நான் கட்டாவிட்டால் அவர்கள் உங்கள் வாசலில்தான் வந்து நிற்பார்கள். நாலு வருஷமாக நீங்களும் ஒரு கடன் புத்தகத்தில் இருக்கிறீர்கள், உங்களுக்கே தெரியாமல்.

உங்கள் பெயரை அதிலிருந்து எடுத்துவிட்டுத்தான் எனக்குத் தூக்கம். தயவு செய்து படகை மட்டும் விற்காதீர்கள்.

பிரைடி

*

செயின்ட் ஜான்ஸ்
ஆகஸ்ட் 17

அன்புள்ள அப்பா,

ஆறு வாரமாக உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. அம்மாவைக் கேட்டால், "அவரு வலை பின்னறாரு, நீ வேலையப் பாரு" என்கிறாள். படகு இருக்கிறதா போய்விட்டதா என்றுகூடச் சொல்ல மாட்டேன் என்கிறாள்.

இதோடு ஒரு ஒப்பந்தம் வைத்திருக்கிறேன். இரண்டு வருஷப் பயிற்சி முடிந்ததும் மாகாணம் சொல்லும் சின்ன ஊரில் ஐந்து வருஷம் வேலை செய்வதாக எழுதிக் கொடுத்தால், இப்போதே ஒரு தொகை தருகிறார்கள். ஊரை நானே கேட்டு வாங்கினேன். மூன்று வருஷமாக டாக்டர் இல்லாமல் கிடக்கிறதே, நம் குடா மருத்துவமனை, அதுதான். அந்தத் தொகையை வங்கியில் கட்டினால் உங்கள் பெயரை எடுத்துவிட ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

கடைசிப் பக்கத்தில் ஒரு சாட்சி கையெழுத்துப் போட வேண்டும். இந்த முறை நிஜமாகவே சாட்சிதான். ஒவ்வொரு வரியையும் படியுங்கள். யாரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள். மனம் இல்லையென்றால் போட வேண்டாம்.

பிரைடி

*

செயின்ட் ஜான்ஸ்
அக்டோபர் 2

அன்புள்ள அப்பா,

ஒப்பந்தம் திரும்பி வந்தது. அதோடு கடிதம் எதுவும் இல்லை, கையெழுத்து மட்டும் இருந்தது. ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் நீங்கள் படித்ததற்குப் பென்சில் கோடு. ஏழாம் பக்கத்தில், ஐந்து வருஷம் என்ற இடத்துக்குப் பக்கத்தில், "அஞ்சுதானா?" என்று எழுதியிருந்தீர்கள். அதைப் படித்து அலுவலகத்திலேயே அழுதேன். அங்கிருந்த பெண் அதை அழிக்க விடவில்லை.

இதோடு வங்கித் தாள் இருக்கிறது. பாதிக் கடனுக்கு மேல் கட்டிவிட்டேன், மீதி என் ஒருத்தி பேரில். ஜாமீன்தாரர் ஆம்ப்ரோஸ் ஹெர்ன் இன்று முதல் விடுவிக்கப்பட்டார். கடைசி வரியைப் பாருங்கள், முத்திரையும் இருக்கிறது.

இப்போதாவது பேசுங்கள்.

பிரைடி

*

கோல்டர்ஸ் கோவ்
அக்டோபர் 9

என் தங்க மகளுக்கு,

தாள் வந்தது. சனிக்கிழமை மண்டபத்தில் சீட்டாட்டத்தை நிறுத்தச் சொல்லி, நின்றுகொண்டு வாசித்தேன். பிறகு உன் அம்மா வாசித்தாள், எனக்கு உச்சரிப்பு சரியில்லையாம்.

இத்தனை நாள் கோபமாகத்தான் இருந்தேன். உன் அம்மாவிடம்கூடப் பன்னிரண்டு நாள் பேசவில்லை. "நிம்மதியா இருந்துச்சு" என்கிறாள். நீ கடன் வாங்கியதற்குக் கோபம் இல்லை. ஜாமீன் என்று சொல்லியிருந்தால், தெரிந்தே போட்டிருப்பேன். இரண்டு கையாலும் போட்டிருப்பேன். அந்தச் சந்தோஷத்தை எனக்குத் தராமல் விட்டாயே என்றுதான் வருத்தம். இனி என்னிடம் மறைக்காதே. காது போனாலும் கண் நன்றாக இருக்கிறது.

ஜூலைக் கடைசியில் லியோ பணத்தோடு வந்தான். படகு விற்பனைக்கு இல்லை என்றேன். "பொண்ணு கடன் இருக்கேய்யா?" என்றான். "இருக்கு. அவ கட்டுவா. நாளைக்கு உனக்கு இடுப்புப் புடிச்சா அவகிட்டதான் வந்து நிக்கணும், பாத்துப் பேசு" என்றேன். அன்றிலிருந்து நான் வாயைத் திறப்பதற்குள் அவனே வணக்கம் சொல்கிறான்.

படகுக்குப் புதுப் பெயிண்ட் அடித்திருக்கிறேன். மருத்துவமனையின் பூட்டுக்கும் எண்ணெய் போட்டேன், யாரும் சொல்லவில்லை, நானே போட்டேன். சீக்கிரம் வா.

இதிலுள்ள ஒவ்வொரு வரியையும் படித்துப் பார்த்து, தெரிந்தே, முழு மனதோடு,

சாட்சி: ஆம்ப்ரோஸ் ஹெர்ன்
உன் அப்பா