நாலு மணி பாட்டு யாருக்கு

ஜூன் 11, புதன்

வெயில். ஏழரை மணிக்கே பஸ் ஜன்னல் கம்பி சுட்டது.

செய்ய வேண்டியவை: அம்மா முட்டிக்குத் தைலம். டெய்லரிடம் நீலச் சுடிதார். ஹெட்போனுக்குப் புதுப் பஞ்சு. ஆதார் ஜெராக்ஸ் இரண்டு. அ.வை நினைக்காமல் இருப்பது.

தைலமும் ஜெராக்ஸும் ஆயிற்று. கடைசியைப் பற்றி எழுதத் தேவையில்லை.

ஸ்கேன் சென்டரில் டாக்டருக்கு ஜலதோஷம். மூக்கடைப்போடு பேசிப் பதிவு பண்ணி வைத்துவிட்டுப் போய்விட்டார். அதை ஹெட்போனில் கேட்டு ரிப்போர்ட் டைப் அடிப்பதற்குள் என் மூக்கும் அடைத்துக்கொண்ட மாதிரி. கால் பெடலை ஒரு தட்டு தட்டினால் பதிவு ஐந்து வினாடி பின்னால் போகும். இன்று தட்டின தட்டில் கணுக்கால் வலி.

மத்தியானம் மூன்று மணிக்கு அ.விடமிருந்து மெசேஜ். தனக்கு நிச்சயதார்த்தம் ஆகிவிட்டது என்று சொன்னதற்கு அப்புறம், ஒன்றரை மாசம் கழித்து, முதல் மெசேஜ்.

"ஞாயித்துக்கிழமை உப்புத்தண்ணி ஷோவுக்கு நீ வரமாட்டேல்ல? நான் வைஷ்ணவியை அழைச்சுண்டு வரேன். மூணு பேருக்கும் சங்கடமாயிடும். நீ புரிஞ்சுப்பேன்னு தெரியும்."

"சரி" என்று போட்டேன்.

போட்டுவிட்டு டாய்லெட்டில் பத்து நிமிஷம். பக்கத்து சீட் சரண்யா வந்து கதவைத் தட்டினாள். "இன்னாடி, உள்ளயே குடித்தனம் போயிட்டியா?" வெளியே வந்ததும் என் முகத்தைப் பார்த்தாள். கையிலிருந்த போனைப் பிடுங்கிப் படித்தாள்.

"மச்சி, நிச்சயம் பண்ணிக்கினான், சரி. உப்புத்தண்ணி பேண்டையும் எடுத்துக்கினு போறானா? இன்னா, பாகப்பிரிவினையா நடக்குது?"

சிரிப்பு வந்தது. பாதியில் நின்றுவிட்டது.

அவள் விளையாட்டாகச் சொன்னாள். எனக்கு அதுதான் பயம். அவன் போய்விட்டான், அது முடிந்தது. உப்புத்தண்ணியும் போய்விட்டால் வேறு என்ன மிச்சம்?

ஜூன் 12, வியாழன்

காலையில் கரண்ட் இல்லை. நோட்டால் விசிறிக்கொண்டே யோசனை: உப்புத்தண்ணி முதலில் யாருடையது?

என்னுடையது. எழுதி வைக்கிறேன், எனக்கே மறந்துவிடும் போலிருக்கிறது.

எட்டாம் வகுப்பு. எங்கள் ஹவுசிங் போர்டு பிளாக்குக்குக் கீழே பைக் ரிப்பேர் பண்ணும் டேவிட் அண்ணன், அவர்கள் பாட்டை மெமரி கார்டில் ஏற்றி வைத்திருந்தார். ஒரு பெண் குரல். கத்தவே இல்லை. "இன்னாத்துக்கு நிக்கிற, இன்னாத்துக்கு நிக்கிற" என்று திரும்பத் திரும்ப. முதலில் சிரித்தேன். எங்கம்மா பேசுகிற மாதிரியே ஒருத்தி பாடுகிறாளே என்று. சினிமாவில் அப்படிப் பாடினால் அது காமெடிப் பாட்டு, இல்லாவிட்டால் குத்துப் பாட்டு. இது இரண்டும் இல்லை. பின்னால் கிடார், சிமெண்ட் தரையைத் துடைப்பத்தால் தேய்க்கிற மாதிரி தேய்த்துக்கொண்டே இருந்தது. சிரிப்பு போய் நெஞ்சில் என்னமோ வலித்தது. மறுபடி போடுங்கண்ணா என்று கேட்கக் கூச்சம். அவர் தானாகப் போடும்வரை படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன்.

காலேஜில் "வீடு எங்கே" என்றால் "அடையாறு பக்கம்" என்பேன். கோட்டூர்புரம் ஹவுசிங் போர்டு என்று மூன்று வருஷமும் வாயில் வரவில்லை. எங்கள் வீட்டில் காலேஜ் கேட்டைத் தாண்டின முதல் ஆள் நான். தினமும் பேச்சைக் கழுவித் துடைத்துக்கொண்டுதான் உள்ளே போவேன். ஆனால் கல்ச்சுரல்ஸ் வந்தால் எல்லாக் காலேஜ் பேண்டும் உப்புத்தண்ணி மாதிரிதான் பாட்டுக் கட்டும். வீட்டில் இங்கிலீஷ் பேசுகிறவர்கள் மைக் முன்னால் "கீது" என்றும் "போய்க்கினு" என்றும் பாடத் திணறுவார்கள். கூட்டத்தில் நின்று மனசுக்குள் திருத்துவேன். அந்த ஒரு பரீட்சையில் நான்தான் முதல் மார்க்.

அ.வை அங்கேதான் பார்த்தேன். கிடார் வாசித்தான். நன்றாகவே வாசித்தான்.

அப்புறம் எது எப்போது மாறியது என்று தெரியவில்லை. எந்த ஆல்பத்தில் எந்த டிரம்மர் என்று அவனுக்குத் தெரியும் (இருபத்திரண்டு வருஷத்தில் மூன்று பேர்). மொட்டை மாடியில் பதிவு பண்ணின ஆல்பத்தில் குக்கர் விசிலையும் கிளிச் சத்தத்தையும் ஏன் அழிக்காமல் விட்டார்கள் என்று தெரியும். சலீம் பாய் பேஸ் கிடாரில் மெட்டை வாசிக்கிறார், கிடார் வெறும் இரைச்சல் போடுகிறது, உலகமே செய்வதைத் தலைகீழாக்கிவிட்டார்கள் என்று அவன் சொல்லித்தான் எனக்குப் புரிந்தது. புரிந்தபோது சந்தோஷமாக இருந்தது. சொல்லு சொல்லு என்று கேட்டேன். ஒரு நாள் கவனித்தால், பாட்டு ஆரம்பித்ததும் நான் அவன் முகத்தைத்தான் பார்க்கிறேன்.

ஜூன் 13, வெள்ளி

டி.நகர். சுடிதார் கை இறுக்கம். "உடம்பு போட்டுட்டீங்க" என்கிறார் டெய்லர். அளவெடுத்ததே அவர்தான்.

பாண்டி பஜாரில் நடக்கவே கஷ்டமாக இருந்தது. கூட்டத்தால் இல்லை. எங்கள் காதல் மொத்தமும் இந்தக் கூட்டத்துக்குள்தான். இங்கே கையைப் பிடிப்பான். மயிலாப்பூர் மாட வீதிப் பக்கம் ஒரு நாளும் கூட்டிப் போனதில்லை. "தெரிஞ்சவா இருப்பா மீனா. ஆத்துல நானே பக்குவமா சொல்றேன்." மூன்று வருஷம் பக்குவம் பார்த்தான்.

அவனை மட்டும் சொல்லக் கூடாது. நானும் அவனைக் கோட்டூர்புரம் பாலம் தாண்ட விட்டதில்லை. போனில் அவன் பெயர் "சரண்யா ஆபீஸ் 2".

நிஜச் சரண்யா சாயங்காலம் போன் பண்ணினாள். "போறியா, இல்லியா?"

"சரின்னு சொல்லிட்டேனே."

"சொன்னா? பத்திரத்துல கைநாட்டா வச்சிட்ட?"

ஹெட்போன் பஞ்சு கிடைக்கவில்லை. எல்லாக் கடையிலும் புது ஹெட்போனே வாங்கச் சொல்கிறார்கள்.

ஜூன் 15, ஞாயிறு

மேகம். மழை இல்லை. புழுக்கம்.

போனேன். அம்மாவிடம் ஆபீஸ் என்று சொல்லிவிட்டு.

அடையாறில் அதே கல்யாண மண்டபம். வருஷா வருஷம் முகூர்த்தம் இல்லாத நாளாகப் பார்த்து இங்கேதான். இந்தத் தடவை காலையில் யாருக்கோ வளைகாப்பு நடந்திருக்கிறது. மேடைக்குப் பின்னால் பூ ஜோடனை அப்படியே. ஹால் முழுக்க சாம்பார் வாசனை. பாடகி மாலாக்கா வந்து நின்றதும் அதைத் திரும்பிப் பார்த்தார். "நாப்பத்தாறு வயசுல எனக்கா வளைகாப்பு, சலீமு?"

"உனக்கில்ல மாலா, அடுத்த ஆல்பத்துக்கு. ஆறு வருஷமா வயித்துலயே கீது" என்றார் சலீம் பாய், பேஸைச் சுருதி சேர்த்துக்கொண்டே. சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

ஆனால் தப்பு அதற்கு முன்னாலேயே நடந்துவிட்டது. வாசலில்.

வாசலில் சிவப்பு பக்கெட் வைத்திருப்பார்கள். சீட்டில் பாட்டுப் பெயர், கீழே யாருக்காக, இரண்டும் எழுதிப் போடணும். யாருக்கு என்று இல்லாத சீட்டை மாலாக்கா பாட மாட்டார். மூன்று சீட்டு எடுப்பார்கள். அ.வின் எழுத்து கோழிக் கிறுக்கல், அதனால் மூன்று வருஷமும் இரண்டு பேருக்கும் சேர்த்து நான்தான் எழுதினேன். இன்றும் பேனாவைக் கொடுத்தார்கள். பின்னால் நின்றவர் "கொஞ்சம் சீக்கிரம்மா" என்றார். எழுதி, மடித்து, போட்டுவிட்டு நாலு எட்டு நடந்த பிறகுதான் கை என்ன எழுதியது என்று உறைத்தது.

நாலு மணி. அரவிந்த், மீனா.

திரும்பி ஓடினேன். பக்கெட்டை உள்ளே தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

பின்வரிசைத் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். கொஞ்ச நேரத்தில் அவனும் வைஷ்ணவியும் பின்னாலேயே வந்தார்கள், முன்னால் சத்தம் தாங்கவில்லை போல. என்னிடமிருந்து நாலு கை தூரம். அவள் பச்சைக் குர்தா, சின்ன ஜிமிக்கி. முதல் பாட்டுக்கு ஒரு காதைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நல்ல முகம். திட்டுவதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

முதல் சீட்டு யாரோ ஒருவர் தன் ஸ்கூட்டருக்கு. இரண்டாவது ஒரு மாமி தன் பேரனுக்கு. மூன்றாவதைப் பிரித்து மாலாக்கா மூக்குக் கண்ணாடியை மேலே தள்ளினார்.

"நாலு மணி. பேஷ், அழகான கையெழுத்து. அரவிந்துக்கும் மீனாவுக்கும். எங்க ஜோடி? கைய தூக்குங்க, பாக்கலாம்."

விசில். எல்லாரும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஏய், உன் பேருடா!" என்று வைஷ்ணவி அவனை இடித்தாள்.

"ஊர்ல எத்தனை அரவிந்த்" என்றான். கண் மட்டும் ஹாலைத் தேடியது. தூணுக்குப் பின்னால் வந்ததும் நின்றது. பார்த்துவிட்டான்.

என் கை சுடிதாரைக் கசக்கிக்கொண்டிருந்தது. தூக்கவில்லை.

"யாரும் இல்லியா? சண்டை போட்டுக்கினு கெளம்பிட்டாங்களா?" சிரிப்பு. மாலாக்கா சீட்டை மைக் ஸ்டாண்டில் செருகினார். "சரி. இங்க இல்லாத அந்த ரெண்டு பேருக்கு."

பாடினார்.

தண்ணி லாரிக்காக விடியற்காலை நாலு மணிக்கு வரிசையில் நிற்கும் பெண்களின் பாட்டு. பேஸ் தனியாக ஆரம்பிக்கும், தூக்கம் கலையாதவள் நடக்கிற மாதிரி. டிரம்ஸ் ஏற ஏற மாலாக்கா மைக்கை விட்டுப் பின்னால் போவார். வேறு யாராவது என்றால் கத்துவார்கள். இவர் குரலை உள்ளே இழுப்பார், நாம்தான் எட்டிப் போய்க் கேட்க வேண்டும். நானூறு பேரும் அப்படியே முன்னால் சாய்ந்தோம். கடைசியில் வார்த்தை தீர்ந்துவிடும். டிரம்ஸ் மட்டும். டொக், டொக், டடொக்.

அவன் குனிந்து அவள் காதில் சொன்னான். "இப்ப கேளு. லாரி வந்துடுத்து பாரு. குடத்துல தண்ணி விழறது. நம்பிக்கையா முடிக்கறா."

அதே வார்த்தைகள். எனக்குச் சொன்ன அதே இடத்தில். அவள் என்னை மாதிரியே தலையாட்டினாள்.

என் வலது கால் தரையைத் தட்டிக்கொண்டிருந்தது. ஐந்து வினாடி பின்னால். ஐந்து வினாடி பின்னால்.

பாட்டு முடியும்முன் கிளம்பி வந்துவிட்டேன். பஸ்ஸில் அழவில்லை. சில்லறை வாங்க மறந்தேன்.

ஜூன் 16, திங்கள்

மெசேஜ், காலை 9.40:

"தேங்க்ஸ் மீனா, கை தூக்காததுக்கு. நீ எப்பவுமே டீசென்ட். அடுத்த வருஷத்துலேர்ந்து நாங்க வரல. நீ போய்க்கோ."

நீ போய்க்கோ. பேண்டை எனக்குத் தானம் பண்ணிவிட்டான்.

எழுதி அழித்தவை:
1. அதைக் கொடுக்க நீ யார்?
2. சீட்டு வேண்டுமென்று போட்டதில்லை.
3. நல்லா இருக்கீங்களா ரெண்டு பேரும்?
4. சரி.

எதையும் அனுப்பவில்லை. ஒரு ரிப்போர்ட்டில் இடது கிட்னிக்கு வலது என்று அடித்துவிட்டேன். நல்லவேளை, டாக்டர் பார்த்துவிட்டார். திட்டினார். திட்டினது ஆறுதலாக இருந்தது.

அந்த நிமிஷம்தான் திரும்பத் திரும்ப. அவன் "நான் இல்லை" என்றான். நானும் அதையேதான் சொன்னேன், வாயைத் திறக்காமல். நானூறு பேர் முன்னால் என் பெயரை மாலாக்கா கூப்பிட்டார். என் பெயரை. எட்டாம் வகுப்பிலிருந்து கேட்கிற குரல். ஒரு கை என்ன கனம் இருந்துவிடப் போகிறது.

ஜூன் 17, செவ்வாய்

தூறல். துணி எல்லாம் ஈரம்.

பாட்டுப் போட்டேன். பேஸ் வந்ததும் அவன் மூச்சு காதில். நிறுத்திவிட்டேன். வேறு பாட்டு, வேறு ஆல்பம். எல்லாவற்றிலும் உட்கார்ந்திருக்கிறான்.

சாப்பாடு: இரண்டு இட்லி.

ஜூன் 18, புதன்

லீவு போட்டேன். அம்மா சமையல் வேலை செய்யும் ராஜா அண்ணாமலைபுரம் வீட்டில் எல்லாரும் ஊருக்குப் போயிருக்கிறார்கள், அதனால் அம்மாவும் வீட்டில். கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"இன்னாடி, எந்நேரமும் காதுல மாட்டிக்கினு சுத்துவ. ரெண்டு நாளா காணோம்?"

"பஞ்சு பிஞ்சிடுச்சும்மா."

"மாட்டாம போடேன். நானும்தான் கேக்கறேன். பத்து வருஷமா அப்படி இன்னாதான் கேக்கறன்னு."

வேண்டாம் என்று சொல்லத் தெரியவில்லை. போனை எவர்சில்வர் டம்ளருக்குள் வைத்தேன், சத்தம் பெரிசாகக் கேட்க. 'நாலு மணி'தான் மேலே இருந்தது. விரல் அதையே அழுத்தியது.

"ஐய, இது நம்ம தண்ணி லாரி!" அம்மாவுக்கு வாயெல்லாம் பல். "குடத்துக்கு பதிலா கல்ல வச்சி எடம் புடிப்போமே, சொல்றா பாரு. இவ நின்னுகீறாடி லைன்ல. நிக்காதவளுக்கு இது தெரியாது." நறுக்கிக்கொண்டே கேட்டாள். கடைசி டிரம்ஸ் வந்தது. அம்மா முகம் மாறிவிட்டது.

"ப்ச். வரல, பாவம்."

"எது வரல?"

"லாரி."

"வந்துடுச்சும்மா. இதுதான் குடத்துல தண்ணி வுழற சத்தம். நல்லபடியாத்தான் முடியுது."

அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "தண்ணி வுழுந்தா இப்டியா கேக்கும்? காலி பிளாஸ்டிக் கொடம்டி இது. இடுப்புல ஒண்ணு, கையில ஒண்ணு, வெறும் கொடத்த தூக்கிக்கினு வூட்டுக்குத் திரும்புனா முட்டியில இடிக்குமே, அந்த சத்தம். நீயும்தான என் கூட வந்து நின்ன? உனக்குத் தெரியாதா?"

மறுபடி போட்டேன். டொக், டொக், டடொக். காலிக் குடம். சந்தேகமே இல்லை. படிக்கட்டில் உட்கார்ந்து கேட்டபோது எனக்கு இது தெரிந்திருந்தது. யாரும் சொல்லாமலே தெரிந்திருந்தது.

மூக்கில் நீர் வழிந்தது. துடைக்கவில்லை.

"தண்ணி வந்துச்சுன்னு யாருடி சொன்னது உனக்கு?"

"அரவிந்த்" என்றேன், இந்த வீட்டுக்குள் முதல் தடவையாக.

அம்மா நறுக்குவதை நிறுத்தினாள்.